டர்பனில் விற்று கேப் டவுனில் வாங்குவது: ஆஃபரில் எந்த நிபந்தனையை விடலாம், எதை விடக்கூடாது?

கரும்புத்தோட்டம்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீடு, இன்னும் 6 லட்சம் ராண்ட் பாண்ட் (வீட்டுக் கடன்) பாக்கி. அதை விற்று, கேப் டவுனில் டேபிள் வியூ, பார்க்லண்ட்ஸ், டர்பன்வில் பக்கம் 30 லட்சத்துக்குள் ஒன்று வாங்க வேண்டும். அங்கே ஏஜென்ட்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான்: "நிபந்தனை போட்டால் வீடு போய்விடும், பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள்." விற்காமல் வாங்கப் பணமில்லை, வாங்காமல் விற்றால் இருக்க இடமில்லை. எதை முதலில் செய்வது? கல்யாணம் தமிழ்நாட்டில் பதிவானது. அது பத்திரத்தில் சிக்கல் தருமா?

பத்திரக்காரர்

முதல் வேலை வீடு பார்ப்பதல்ல. சாட்ஸ்வொர்த் பாண்டை முடிக்கப் போவதாக வங்கிக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இல்லையென்றால் மூன்று மாத வட்டிவரை அபராதம் போடலாம். 6 லட்சத்துக்கு 10.25 சதவீத வட்டியென்றால் சுமார் 15,000 ராண்ட் சும்மா போகும். விற்பனை நடக்காமல் போனாலும் அறிவிப்பால் நஷ்டமில்லை, புதுப்பித்துக்கொள்ளலாம். புதுக் கடனும் அதே வங்கியில் எடுத்தால் அபராதத்தைத் தள்ளுபடி செய்வதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஆஃபரில், அதாவது இந்த விலைக்கு வாங்குகிறேன் என்ற படிவத்தில், விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டுவிட்டால் அது ஒப்பந்தம். "ஆஃபர்தானே" என்று நினைப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். ஐந்து நாளுக்குள் மனம் மாறலாம் என்ற சலுகை 2,50,000 ராண்டுக்கு மேற்படாத விலைக்குத்தான். உங்களுக்குப் பொருந்தாது. நில விற்பனை எழுத்தில் இருந்து கையெழுத்தானால்தான் செல்லும் என்பது 1981ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சொன்ன எந்த வாக்குறுதிக்கும் மதிப்பில்லை. பேனாவால் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் நில விற்பனையை விலக்கி வைத்திருக்கிறது. திரையில் விரலால் கிறுக்கிய கையெழுத்தை வைத்துப் பின்னால் வழக்காட வேண்டாம்.

இனி நிபந்தனைகள். உங்களுக்குத் தேவை இரண்டு: பாண்ட் கிடைத்தால் மட்டும், சாட்ஸ்வொர்த் வீடு விற்றால் மட்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி எழுத வேண்டும். அந்தத் தேதிக்குள் நிறைவேறவில்லை என்றால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும், யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. நீட்டிப்பதானால் தேதி முடிவதற்கு முன்பே இரண்டு தரப்பும் எழுத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் புது ஒப்பந்தம்தான். வெள்ளிக்கிழமை முடியும் தேதியை திங்கட்கிழமை நீட்டுவது இங்கே நடக்கும் தவறுகளில் முதலிடம். அதற்குள் வேறொருவர் அதிக விலை சொல்லியிருந்தால் விற்பவர் சிரித்துக்கொண்டே விலகிவிடுவார்.

பாண்ட் நிபந்தனையில் தொகையை எழுதுங்கள், "பாண்ட் கிடைத்தால்" என்று மொட்டையாக விடாதீர்கள். 22 லட்சம் கேட்டு வங்கி 19 லட்சம் தந்தால் நிபந்தனை நிறைவேறியதா இல்லையா என்று சண்டை வரும்.

தென்கிழக்குக் காற்று

பத்திரக்காரர் சொன்னது சட்டப்படி சரி. சந்தை அப்படி இல்லை ஐயா. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் க்வாசூலு நாட்டாலிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இங்கே இடம்பெயர்கிறார்கள். சரியான விலைக்கு வரும் மூன்று படுக்கையறை வீட்டுக்கு முதல் ஷோ டேயிலேயே (வீட்டைத் திறந்து காட்டும் நாள்) ஆஃபர்கள் விழும். அதில் "என் வீடு விற்றால்" என்று எழுதிய ஆஃபர் அடியில் போய்விடும். விலை 50,000 குறைவாக இருந்தாலும் நிபந்தனையில்லாததைத்தான் விற்பவர் எடுப்பார்.

அப்படியே ஏற்றாலும் 72 மணிநேர ஷரத்து போடுவார்கள். விற்பவர் வீட்டைத் தொடர்ந்து விளம்பரம் செய்வார், வேறு நல்ல ஆஃபர் வந்தால் உங்களுக்கு நோட்டீஸ், 72 மணிநேரத்தில் நிபந்தனைகளை நீங்கள் கைவிட வேண்டும், இல்லையென்றால் வீடு அந்தப் புது ஆஃபர்காரருக்கு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை இதில் சேருமா என்பது எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். வெள்ளி மாலை நோட்டீஸ் வந்தால் திங்கள் காலை எந்த வங்கியும் உங்களுக்குப் பதில் தந்திருக்காது.

என் கருத்து: முதலில் விற்றுவிடுங்கள். ஆறு மாதம் வாடகைக்கு இருந்துவிட்டு காசோடு வந்து பேரம் பேசுங்கள்.

பத்திரக்காரர்

வாடகைக்கு இருப்பது சிலருக்கு முடியும். பள்ளியில் பிள்ளைகள் இருந்தால் இரண்டு முறை மூட்டை கட்டுவது லேசான காரியமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு ஆஃபர் வாங்குங்கள். அதை வாங்குபவரின் பாண்ட் அனுமதி வரும்வரை பொறுங்கள். அன்றிலிருந்து உங்கள் வீடு "விற்கப்பட்ட வீடு", பதிவுதான் பாக்கி. அந்தக் கட்டத்தில் கேப் டவுனில் ஆஃபர் போட்டால் நிபந்தனை வேறு மாதிரி ஆகிவிடும். "வீடு விற்றால்" என்பது போய், "ஏற்கெனவே விற்று, எல்லா நிபந்தனையும் நிறைவேறிய இந்த முகவரி வீடு பதிவாவதைப் பொறுத்து" என்றாகும். ஒப்பந்த நகல், வாங்குபவரின் பாண்ட் அனுமதிக் கடிதம், கன்வேயன்சரின் (பத்திரத்தை மாற்றும் வக்கீல்) முன்னேற்றக் கடிதம் மூன்றையும் ஆஃபரோடு இணையுங்கள். அனுபவமுள்ள ஏஜென்ட் இதை ரொக்க ஆஃபருக்கு அடுத்தபடியில் வைப்பார்.

ஒரு முக்கியச் சிக்கல். டர்பன் சொத்து பீட்டர்மரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகம்) பதிவாகும், கேப் டவுன் சொத்து கேப் டவுன் டீட்ஸ் ஆபீஸில். ஒரே அலுவலகமாக இருந்தால் விற்பனை, வாங்கல், பழைய பாண்ட் ரத்து, புதுப் பாண்ட் எல்லாவற்றையும் ஒரே கட்டாக இணைத்து ஒரே நாளில் பதிவு செய்யலாம். இரண்டு அலுவலகம் என்றால் அந்தச் சௌகரியம் கிடையாது. ஆகவே பீட்டர்மரிட்ஸ்பர்க் முதலில் பதிவாகி, பணம் வந்து, பிறகு கேப் டவுன் என்று திட்டமிடுங்கள். டர்பன் பக்கக் கன்வேயன்சர் விற்பனைத் தொகையிலிருந்து இன்ன தொகையைத் தருவதாக எழுதித் தரும் உறுதிமொழியையோ வங்கி உத்தரவாதத்தையோ விற்பவர் ஏற்கும்படி ஆஃபரிலேயே எழுத வேண்டும். உத்தரவாதம் கொடுக்க வேண்டிய தேதி நெருக்கமாக இருந்தால் நீங்கள் ஒப்பந்தம் மீறியவர் ஆகிவிடுவீர்கள்.

கரும்புத்தோட்டம்

இது புரிகிறது, நன்றி. நடுவில் இரண்டு, மூன்று வாரம் இடைவெளி வந்தால்? கேப் டவுன் வீட்டுக்கு முன்கூட்டியே குடிபோகலாம் என்கிறார் ஏஜென்ட்.

தென்கிழக்குக் காற்று

போகலாம், குடியிருப்பு வாடகை கொடுத்து. மாதத் தொகை எவ்வளவு, நாள் கணக்கில் குறையுமா, மின்சாரம் தண்ணீர் யாருக்கு, பதிவு கடைசியில் நடக்காவிட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், இந்த நாலும் எழுத்தில் இருக்கட்டும். பதிவாகும்வரை சுவரில் ஆணிகூட அடிக்காதீர்கள். சமையலறையை இடித்துப் புதுப்பித்த பிறகு விற்பனை கலைந்துபோனால் அந்தப் பணம் திரும்புவது பெரும்பாடு.

கணக்குப்பிள்ளை

யாரும் ரூபாய் கணக்கு, மன்னிக்கவும், ராண்ட் கணக்கு போடவில்லையே.

டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்து கைமாறும்போது கட்டும் வரி) வாங்குபவர் தலையில். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதப்படி 12,10,000 வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் 16,63,800 வரை 3 சதவீதம், 23,29,300 வரை 6, 29,94,800 வரை 8, அதற்கு மேல் 1,33,10,000 வரை 11. வருமான வரி மாதிரி படிப்படியாகத்தான், மொத்த விலைக்கும் மேல் விகிதம் அல்ல. 25 லட்சத்துக்கு 67,200. 30 லட்சத்துக்கு 1,07,356. 35 லட்சத்துக்கு 1,62,356. அதாவது 30க்கு மேலே போகும் ஒவ்வொரு லட்சத்துக்கும் வரியாக 11,000 சேர்த்து எண்ணிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. கடைசிக் கையெழுத்துத் தேதிதான் கணக்கு, பதிவுத் தேதி அல்ல. கட்டிடக் கம்பெனியிடமிருந்து புது வீடு வாங்கினால் டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லை, விலைக்குள் 15 சதவீத வாட் இருக்கும். "டியூட்டி இல்லை" என்று பதாகை வைப்பது இதைத்தான், தானம் ஒன்றுமில்லை.

இது தவிர மூன்று வக்கீல்கள் வருவார்கள். பத்திரத்தை மாற்றுபவர்: விற்பவர் தேர்ந்தெடுப்பார், நீங்கள் காசு கொடுப்பீர்கள். உங்கள் பாண்டைப் பதிபவர்: உங்கள் வங்கி நியமிக்கும், அதற்கும் நீங்களே. விற்பவரின் பழைய பாண்டை ரத்து செய்பவர்: அது விற்பவர் செலவு. நீங்கள் இரண்டு பக்கமும் இருக்கிறீர்கள், ஆகவே மூன்று பில்லும் உங்களுக்கு உண்டு. ஆஃபருக்கு முன்பே வாட் சேர்த்து எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். வங்கியின் கடன் தொடக்கக் கட்டணம் 6,037.50. இதைக் கடனோடு சேர்த்தால் 20 வருடம் வட்டி கட்டுவீர்கள், கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.

ஏஜென்ட் கமிஷன் விற்பவர் கொடுப்பது, பொதுவாக 5 முதல் 7.5 சதவீதம், மேலே வாட். பேசலாம், சட்டத்தில் நிர்ணயம் கிடையாது. சாட்ஸ்வொர்த் வீடு 15 லட்சம், கமிஷன் 6 சதவீதம் என்று வைத்தால் 90,000, வாட் 13,500, ஆக 1,03,500. பாண்ட் பாக்கி 6 லட்சத்தையும் கழித்தால் கையில் வருவது 8 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, சான்றிதழ் செலவும் ரேட்ஸ் (நகராட்சி வரி) முன்பணமும் போக. 15 லட்சத்துக்கு விற்றேன் என்று அந்த 15ஐ வைத்து அடுத்த வீட்டைக் கணக்குப் போடுபவர்கள் நிறைய.

மாதத் தவணை: 10.25 சதவீதம், 20 வருடம் என்றால் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் சுமார் 9,816. 22 லட்சத்துக்கு சுமார் 21,600. மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் தவணை போனால் வங்கி முகம் சுளிக்கும், ஆக வீட்டு வருமானம் 72,000 வேண்டும். பெட்டர்பாண்ட், ஊபா போன்ற இடைத்தரகர் மூலம் ஒரே விண்ணப்பத்தை நாலு வங்கிக்கும் அனுப்புங்கள், உங்களுக்குச் செலவில்லை. வட்டி அரை சதவீதம் குறைந்தாலே மாதம் 700 ராண்டுக்கு மேல் மிச்சம்.

நீலமலை

வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான்.

கேப்பில் மழை குளிர்காலத்தில், வடமேற்கிலிருந்து அடிக்கும். ஜனவரியில் வீடு பார்ப்பவருக்குக் கூரை ஒழுகுவது தெரியாது. அதனால் வடமேற்குப் பக்கச் சுவரை உள்ளிருந்து பாருங்கள்: தரையிலிருந்து ஒரு மீட்டர்வரை பெயின்ட் கொப்புளம், வெள்ளை உப்புப் படிவம், ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட். அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள், பூஞ்சை அதன் பின்னால்தான் இருக்கும். தட்டைக் கூரையென்றால் ஏணி கேட்டு ஏறிப் பாருங்கள். தார்ப்பாய் மாதிரி ஒட்டியிருக்கும் நீர்த்தடுப்புப் படலம் ஓரச்சுவரை ஏறும் இடத்தில் விட்டிருந்தால், மழைக்கு அது கதவு திறந்த மாதிரி. டேபிள் வியூ, பிளவ்பெர்க் பக்கம் கடல் உப்பு வேறு. ஜன்னல் கீல், கராஜ் கதவு ஸ்பிரிங், மின்வேலிக் கம்பம் எல்லாம் துருவில் பேசும். கான்கிரீட்டில் பழுப்புக் கறையும் வெடிப்பும் சேர்ந்து தெரிந்தால் உள்ளே கம்பி வீங்கியிருக்கிறது.

சான்றிதழ்கள் விற்பவர் பொறுப்பு. மின்சாரத்துக்கு சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்று), இரண்டு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதன்பின் வயரிங்கில் கை வைத்திருக்கக்கூடாது. லோட்ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் இன்வெர்ட்டரும் சோலாரும் போட்டவர்கள் பலர் புதுச் சான்றிதழ் எடுக்கவில்லை, நகராட்சியில் பதியவும் இல்லை. இரண்டையும் ஆஃபரில் கேளுங்கள். மின்வேலிக்குத் தனி, கேஸ் அடுப்புக்குத் தனி. கரையோர மாகாணங்களில் மரம் துளைக்கும் வண்டுக்கும் சான்றிதழ் கேட்பது வழக்கம், அது சட்டமல்ல, ஒப்பந்தத்தில் இருந்தால்தான்.

கேப் டவுனில் மட்டும் கூடுதலாகத் தண்ணீர்ச் சான்றிதழ். பிளம்பர் முக்கியமாகப் பார்ப்பது: கீசர் இணைப்பு விதிப்படி இருக்கிறதா, மழைநீர் சாக்கடைக் குழாயில் விழுகிறதா, மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா. இதில் ஒன்றை நீங்களே செய்யலாம். வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் மூடி, கழிப்பறைத் தொட்டி நிறைந்து அடங்கும்வரை பொறுத்து, வெளியே மீட்டர் மூடியைத் திறந்து சின்னச் சிவப்பு முள்ளைப் பாருங்கள். பத்து நிமிடம். அசைந்தால் எங்கோ தரைக்கடியில் போகிறது.

சாட்ஸ்வொர்த் பக்கமும் சொல்ல வேண்டும், நீங்கள் விற்பவராயிற்றே. பின்கட்டில் கட்டிய அவுட்பில்டிங், அடைத்த வராந்தா, அறையாக்கிய கராஜ் இவற்றுக்கு அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா? இல்லையென்றால் வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கண்டு மதிப்பைக் குறைப்பார், பாண்ட் சுருங்கும், விற்பனை அங்கேயே நொண்டும். சரிவில் உள்ள மனையென்றால் தாங்குசுவரில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் வாங்குபவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

மலையடிவாரம்

வரைபடம் இல்லாத கட்டிடத்தை "வூட்ஸ்டூட்ஸ்", அதாவது உள்ளது உள்ளபடி, என்று விற்றுவிட்டால் பிறகு வாங்கியவர் ஒன்றும் செய்ய முடியாதுதானே?

பத்திரக்காரர்

பாதி சரி. அரசு அனுமதி இல்லாமல் கட்டியதும் மறைந்த குறைதான், அதையும் வூட்ஸ்டூட்ஸ் மூடும் என்று 2008இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் தெரிந்தே மறைத்து ஏமாற்றியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதோடு 2022 பிப்ரவரி 1 முதல் அமலில் உள்ள சொத்து இடைத்தரகர் சட்டப்படி, விற்பவர் நிரப்பிக் கையெழுத்திட்ட குறை அறிவிப்புப் படிவம் இல்லாமல் ஏஜென்ட் மாண்டேட்டே (விற்றுத்தரும் பொறுப்பு) எடுக்கக்கூடாது. படிவம் ஒப்பந்தத்தோடு இணையும். தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுவதுதான் விற்பவருக்குக் கவசம். எழுதிய குறைக்குப் பின்னால் வழக்கு வராது.

வாங்கும்போது மூன்று வரி சேருங்கள்: எல்லாக் கட்டிடத்துக்கும் அங்கீகரித்த வரைபடத்தை இன்ன தேதிக்குள் விற்பவர் தர வேண்டும். உங்கள் செலவில் தனி ஆய்வாளர் வந்து பார்க்க 7 நாள். பெரிய குறை கண்டால் விலகும் உரிமை. போட்டியில் எதையாவது விட வேண்டுமென்றால் ஆய்வு ஷரத்தை விட்டு, ஆஃபருக்கு முன்பே ஆய்வாளரைக் கூட்டிப் போங்கள். பாண்ட் நிபந்தனையை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள்.

கல்யாணக் கேள்விக்கு வருகிறேன். எந்த நாட்டில் தாலி கட்டினீர்கள் என்பதல்ல, கல்யாணத்தின்போது கணவரின் நிரந்தர வாசம் எந்த நாடு என்பதுதான் சொத்துரிமையைத் தீர்மானிக்கும். இந்தியா என்றால் பத்திரத்தில் "இந்தியச் சட்டத்தால் ஆளப்படும் திருமணம்" என்று எழுதுவார்கள், வாங்கவும் விற்கவும் பாண்ட் போடவும் மற்றவரும் உடன் கையெழுத்திட வேண்டிவரும். மாப்பிள்ளை தென்னாப்பிரிக்க வாசியாக இருந்து சென்னையில் போய்க் கல்யாணம் செய்திருந்தால், முன் ஒப்பந்தம் இல்லாதவரை பொதுச் சொத்துத் திருமணம். ஆளுக்குப் பாதி, விற்க இருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். துணை ஊரில் இருந்தால் அங்கே நோட்டரி முன் கையெழுத்து, பிறகு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்வதற்கான அரசு முத்திரை), அசலைக் கூரியரில். இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

இங்கேயே பிறந்தவர்களுக்கும் ஒன்று: கோவிலில் மட்டும் நடந்து, சட்டப்படியான திருமண அதிகாரி பதியாத கல்யாணம் டீட்ஸ் ஆபீஸ் கணக்கில் இல்லை. ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினால் மற்றவருக்குப் பத்திரத்தில் பங்கில்லை. இருவர் பெயரையும் போடுங்கள்.

மலையடிவாரம்

முன்பணத்தை யாரிடம் கட்டுவது?

கணக்குப்பிள்ளை

கன்வேயன்சரின் டிரஸ்ட் கணக்கில். அதை வட்டி வரும் தனிக் கணக்கில் போட நீங்கள் எழுத்தில் உத்தரவு கொடுத்தால்தான் வட்டி உங்களுக்கு. அதில் 5 சதவீதம் வக்கீல்களின் காப்பு நிதிக்குப் போகும். ஏஜென்ட்டிடம் கட்டுவதானால் அவருடைய செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழை (ஏஜென்ட் தொழில் செய்ய வேண்டிய சான்று) பாருங்கள், அது இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கவே உரிமையில்லை.

மின்னஞ்சலில் வரும் வங்கிக் கணக்கு எண்ணை நம்பி ஒரு சென்ட்கூட அனுப்பக்கூடாது. ஹேக்கர்கள் நடுவில் புகுந்து பிடிஎஃப்பில் எண்ணை மாற்றி அனுப்புகிறார்கள். 55 லட்சம் ராண்டை அப்படி இழந்த வாங்குபவருக்கு உயர் நீதிமன்றம் நஷ்டஈடு தந்தது, 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நஷ்டம் வாங்கியவருக்கே. அலுவலகத்தின் எண்ணை மின்னஞ்சலிலிருந்து எடுக்காமல் வேறு வழியில் தேடிக் கூப்பிட்டு, கணக்கு எண்ணை நீங்கள் வாசிக்க அவர்கள் ஆமாம் சொல்லட்டும்.

தென்கிழக்குக் காற்று

விற்பவர் தன் சொந்த நாட்டுக்கே திரும்பிப் போனவர் என்றால் இதையும் பாருங்கள். வரிக் கணக்கில் வெளிநாட்டவரான ஒருவரிடமிருந்து 20 லட்சத்துக்கு மேல் வாங்கினால், 7.5 சதவீதத்தைப் பிடித்து சார்ஸுக்கு (வரித்துறை) 14 நாளில் கட்ட வேண்டியது வாங்குபவர். வழக்கமாகக் கன்வேயன்சர் பார்த்துக்கொள்வார், ஆனாலும் கேளுங்கள்.

கரும்புத்தோட்டம்

கடைசியாக: மொத்தம் எத்தனை நாள்? தாமதம் எங்கே வரும்?

பத்திரக்காரர்

எல்லாம் ஒழுங்காகப் போனால் 8 முதல் 12 வாரம். டீட்ஸ் ஆபீஸில் சமர்ப்பித்த பிறகு இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும், இழுப்பது அதற்கு முன்புதான்.

பெரும்பாலும் ரேட்ஸ் கிளியரன்ஸ், அதாவது நகராட்சிக்குப் பாக்கியில்லை என்ற சான்று. கடைசி இரண்டு வருடப் பாக்கி முழுதும் தீர்ந்தால்தான் நகராட்சி சான்று தரும். தகராறில் உள்ள தண்ணீர் பில்லும் அதில் அடக்கம், "தப்பான ரீடிங்" என்று வாதாடிக்கொண்டே வாரங்கள் ஓடும். மேலே சில மாத முன்பணமும் கேட்பார்கள், மிச்சம் பதிவுக்குப் பின் திரும்பும். சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். முந்திக்கொண்டு எடுத்து, வாங்குபவரின் பாண்ட் பத்திரம் தாமதமானால் மறுபடி முதலிலிருந்து. பாண்ட் கையெழுத்தான வாரத்தில் விண்ணப்பியுங்கள். தண்ணீர் மீட்டரை இன்றே ஃபோட்டோ எடுத்து பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் புகாரை இப்போதே போடுங்கள்.

அடுத்தது, பத்திரம் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருப்பது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் இரண்டிலும் இது சகஜம். அப்படியென்றால் மாஸ்டர் அலுவலகம் (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) எக்ஸிக்யூட்டரை (சொத்து நிர்வாகி) நியமித்து, விற்பனைக்கு ஒப்புதல் முத்திரையும் தர வேண்டும், மாதக்கணக்கு ஆகும். உங்கள் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

கரும்புத்தோட்டம்

எங்கள் இருவர் பெயரிலும். அசல் வங்கியில்.

பத்திரக்காரர்

அப்படியானால் அந்தக் கவலை இல்லை. 90 நாள் அறிவிப்புக் கடிதத்தில் பாண்ட் கணக்கு எண்ணும் இருவர் கையெழுத்தும் வேண்டும், வங்கி பெற்றுக்கொண்ட தேதியை எழுத்தில் வாங்கி வையுங்கள்.